ஐந்தாம் அத்தியாயத்தில் என்ன எழுதுவது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

புராஜெக்ட் சமர்ப்பிக்கும் பருவம் வந்துவிட்டது. நாலு அத்தியாயம் வரை ஓடி வந்தவர்கள் எல்லாரும் ஐந்தாவதில் "கண்டறிந்தவை, பரிந்துரைகள், முடிவுரை" என்று தலைப்பை மட்டும் அடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள், கேள்விகளைப் பார்த்தாலே தெரிகிறது. வந்த வரிசையில் இல்லாமல் எனக்குத் தோதான வரிசையில் பதில் சொல்கிறேன்.

எம்.காம். மாணவி, நாமக்கல்: மேடம், டீக்கடைகளில் யுபிஐ பயன்பாடு பற்றி 120 கடைகளில் கேட்டு எடுத்திருக்கிறேன். அட்டவணைகளையும் பரிந்துரைகளையும் இணைத்திருக்கிறேன். கண்டறிந்தவை, பரிந்துரை, முடிவு மூன்றிலும் ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பி எழுதுகிற மாதிரி இருக்கிறது. என்ன வித்தியாசம்?

அட்டவணைகளை அனுப்பியது நல்லதாகப் போயிற்று, அதை வைத்தே சொல்கிறேன். "120 பேரில் 78 பேர் (65%), கூட்ட நேரத்தில் பணம் வந்ததா என்று போனை எடுத்துப் பார்க்க முடிவதில்லை என்றார்கள்." இது கண்டறிந்தது. எண் மட்டும், உங்கள் கருத்துக்கு இங்கே வேலை இல்லை. இன்னொரு அட்டவணையில் 112 கடைகளில் ஏற்கெனவே க்யூஆர் அட்டை ஒட்டியிருக்கிறது என்று இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைக்காரர்களுக்கு யுபிஐ தெரியாமல் இல்லை, காலைக் கூட்டத்தில் ஒரு கையில் வடிகட்டியும் இன்னொரு கையில் கிளாஸுமாக நிற்கும்போது அது ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். இதுதான் முடிவு. முதல் அத்தியாயத்தில் "தயக்கத்துக்கான காரணங்களை அறிதல்" என்று ஒரு நோக்கம் எழுதியிருக்கிறீர்களே, அதற்கான விடை இது. எத்தனை நோக்கம் எழுதினீர்களோ அத்தனைக்கும் இப்படி ஒரு விடை வேண்டும்.

இப்போது உங்கள் பரிந்துரைக்கு வருவோம். "டிஜிட்டல் பரிவர்த்தனை பற்றி அரசு விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்." 112 கடையில் அட்டை தொங்குகிறது, இனி யாருக்கு விழிப்புணர்வு? உங்கள் அட்டவணையே உங்கள் பரிந்துரைக்கு எதிராகப் பேசுகிறது. அடுத்தது, "யுபிஐக்கு வணிகர்களிடம் வாங்கும் கட்டணத்தை நீக்க வேண்டும்." வங்கிக் கணக்கிலிருந்து நேராக வரும் யுபிஐ பணத்துக்கு வணிகரிடம் எம்டிஆர் (ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் பிடிக்கும்) கட்டணம் கிடையாது என்பது 2020 ஜனவரியிலிருந்தே நடைமுறை. எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) இதைக் கேட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

உங்கள் அட்டவணை 4.9-ல் நல்ல விஷயம் ஒன்று சும்மா கிடக்கிறது. சவுண்ட் பாக்ஸ் வைத்திருக்கும் 31 கடைகளில் இந்தப் புகாரைச் சொன்னவர்கள் 6 பேர்தான். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். "தொகையைச் சத்தமாகச் சொல்லும் கருவி உள்ள கடைகளில் இந்தச் சிரமம் குறைவாக இருப்பதால் (அட்டவணை 4.9), கருவி தரும் நிறுவனங்கள் காலை நேரக் கூட்டம் அதிகமுள்ள கடைகளில் இதை முதலில் முயன்று பார்க்கலாம்." யார், என்ன, எதை வைத்துச் சொல்கிறோம், மூன்றும் வந்துவிட்டது. ஆனால் கருவியின் வாடகையைக் குறைக்கச் சொல்லி எழுதாதீர்கள், வாடகை பற்றி உங்கள் கேள்வித்தாளில் ஒரு கேள்விகூட இல்லை.

பி.பி.ஏ. மூன்றாம் ஆண்டு, திருப்பூர்: பரிந்துரை குறைந்தது பத்தாவது வேண்டும் என்கிறார் கைடு. எனக்கு நாலுதான் வருகிறது மேடம்.

நாலு போதும் தம்பி. பத்து ஆக்கப் போனால் மீதி ஆறும் "அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்" வகையறாதான் வரும். பிளாஸ்டிக் பை பற்றிய அறிக்கைகளில் "ஒருமுறை மட்டுமே பயன்படும் பிளாஸ்டிக்கைத் தமிழக அரசு தடை செய்ய வேண்டும்" என்று இன்னமும் எழுதுகிறார்கள். தடை 2019 ஜனவரி 1 முதலே அமலில் இருக்கிறது! தடை இருந்தும் உங்கள் ஊர்ச் சந்தையில் பை ஏன் புழங்குகிறது என்றல்லவா ஆய்வு பேசியிருக்க வேண்டும்? கைடு பத்தில்தான் நிற்கிறார் என்றால், அந்த நாலையும் யார் யாருக்கு என்று பிரித்து எழுதுங்கள். முதலாளிக்கு ஒன்று, தொழிலாளருக்கு ஒன்று, சங்கத்துக்கு ஒன்று என்று போனால் எண்ணிக்கையும் கூடும், பொய்யும் இருக்காது.

எம்.பி.ஏ., திருச்சி: வயதுக்கும் வேலைத் திருப்திக்கும் தொடர்பு இருக்கும் என்று கருதுகோள் வைத்தேன். கை-வர்க்கச் சோதனையில் (chi-square) பி மதிப்பு 0.21 வந்துவிட்டது, 0.05-க்குக் கீழே இருந்தால்தானே தொடர்பு உண்டு என்று எடுத்துக்கொள்வார்கள். ஆய்வு தோற்றுவிட்டதா? நண்பர்கள் எண்ணை மாற்றச் சொல்கிறார்கள்.

மாற்றாதீர்கள். தொடர்பு தெரியவில்லை என்பதும் ஒரு முடிவுதான், அதற்காக மதிப்பெண் குறைப்பவரை நான் பார்த்ததில்லை. எண்ணைத் திருத்தி மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு கவனம். "வயதுக்கும் திருப்திக்கும் தொடர்பே இல்லை என நிரூபிக்கப்பட்டது" என்று எழுதிவிடாதீர்கள். 0.05-ஐ விடப் பெரிய மதிப்பு அப்படி எதையும் நிரூபிக்காது. "இந்த மாதிரியில், 5% நிலையில் குறிப்பிடத்தக்க தொடர்பு காணப்படவில்லை" என்று எழுதுங்கள். பரிந்துரையில் "மூத்த ஊழியர்களுக்குத் தனிப் பயிற்சி" என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அது நின்ற தூண் போய்விட்டது.

இளங்கலை இறுதி வருடம், யாழ்ப்பாணம்: மிஸ், குருநகரில் 12 கடற்றொழிலாளர்களோடு நேர்காணல் செய்தேன், எரிபொருள் செலவு பற்றி. முடிவில் "58% தொழிலாளர்கள் தொழிலைக் குறைத்துவிட்டனர்" என்று எழுதலாமா? 2022 விலை உயர்வையும் முடிவுரையில் சேர்க்க யோசிக்கிறேன்.

12 பேரில் 7 பேர் என்றால் 7 பேர் என்றே எழுதுங்கோ. 58% என்றதும் வாசிப்பவர் நூற்றுக்கணக்கானவர்களைக் கேட்டதாக நினைத்துவிடுவார். "நேர்காணப்பட்ட 12 பேரில் ஏழு பேர், கடலுக்குப் போகும் நாட்களைக் குறைத்ததாகக் கூறினர்" என்றால் எந்த மேற்பார்வையாளரும் குறை சொல்ல மாட்டார். அவர்கள் அதைச் சொன்ன விதம்தான் உங்கள் பலம், எண்ணில் போட்டிபோடத் தேவையில்லை.

விலை விஷயம் முக்கியம்தான். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது, மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரப் படகுக்காரருக்கு அது எப்படிப்பட்ட அடி என்று உங்களுக்கே தெரியும். ஆனால் அதன் இடம் முதல் அத்தியாயத்தின் பின்னணி. முடிவுரையில் புதுத் தகவல் எதுவும் முதல்முறையாகத் தலைகாட்டக் கூடாது. முன்னால் சொல்லிவிட்டு, இங்கே ஒரு வரியில் தொட்டுக்காட்டுங்கோ. பரிந்துரையைப் பொதுவாக "அரசாங்கம்" என்று விடாமல், கடற்றொழில் திணைக்களம் செய்யக்கூடியது எது, தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் செய்யக்கூடியது எது என்று பிரித்தால் வாசிப்பவருக்கும் பயன்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: முடிவுரையை சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கினால் கண்டுபிடிப்பார்களா?

கண்டுபிடிக்க மென்பொருள்கூட வேண்டாம், "இவ்வாய்வு எதிர்கால ஆய்வுகளுக்கு ஒரு மைல்கல்லாக அமையும்" என்ற வரியே காட்டிக்கொடுத்துவிடும். வாக்கியம் திருத்த உதவி வாங்குவது வேறு, அதற்கும் உங்கள் கல்லூரி விதி அனுமதிக்கிறதா என்று பாருங்கள். உங்கள் நாலாம் அத்தியாயத்தைப் பார்க்காத ஒன்று உங்கள் முடிவை எழுதினால் அது எந்த ஊர் அறிக்கைக்கும் பொருந்தும், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) "இது எந்த அட்டவணையிலிருந்து வந்தது?" என்று ஒரு கேள்வி போதும். சீனியர் அறிக்கையிலிருந்து எடுக்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10% வரை தண்டனை இல்லை, 10-லிருந்து 40% வரை என்றால் ஆய்வேட்டைத் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும்.

பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர் பக்கம்: குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஊர்க் குளத்தை ஆய்வு செய்திருக்கிறார்கள். "ஆகாயத்தாமரையை அகற்ற வேண்டும்" என்று முடித்தால் போதுமா?

சார், அந்த வயதில் ஆய்வு செய்ததே பெரிது. ஒரு படி மேலே போகலாம். குளத்தின் எந்தக் கரையில் அதிகம், அந்தப் பக்கம் எந்தச் சாக்கடை வந்து சேர்கிறது என்று பிள்ளைகள் வரைபடம் வரைந்திருப்பார்களே, அதிலிருந்து "கிழக்குக் கரையில் கழிவுநீர் கலப்பதைத் தடுத்தால்தான் அகற்றிய செடி திரும்ப மண்டாது" என்பது வரைக்கும் அவர்களாகவே வருவார்கள். கிராம சபையில் ஒரு பக்க மனுவாகக் கொடுக்கச் சொல்லுங்கள். மார்ச் 22, உலக நீர் நாளுக்கும் சபை கூடுகிறது. மனு கொடுத்ததையும் அங்கே கிடைத்த பதிலையும் அறிக்கையில் சேர்க்கலாம்.

எம்.எஸ்.டபிள்யூ., மதுரை: ஆய்வின் வரம்புகளை முடிவுரையில் எழுதினால் நம் வேலையை நாமே குறை சொன்ன மாதிரி ஆகாதா அக்கா?

ஆகாது. வசதி மாதிரி முறையில் (கைக்கு எளிதாகக் கிடைத்தவர்களிடம் மட்டும் கேட்டு) எடுத்தீர்கள் என்றால் அதை நீங்களே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் எக்ஸ்டர்னல் சொல்வார். மேலாய்வுக்கான இடமும் அங்கிருந்தே கிடைக்கும்.

பலர் கேட்டது: முடிவுரை எத்தனை பக்கம்? பொன்மொழியோடு முடிக்கலாமா?

ஒன்றரைப் பக்கம் தாராளம். பொன்மொழி வேண்டாம். அப்புறம், கடைசி நேரத்தில் நாலாம் அத்தியாயத்தில் அட்டவணை எதையாவது சேர்த்தாலோ எடுத்தாலோ ஐந்தாவதில் கொடுத்த அட்டவணை எண்கள் எல்லாம் நகர்ந்துவிடும், பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.