புத்தாண்டு அன்றே ஊட்டிக்குப் போக வேண்டுமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். நாங்கள் பதினைந்து பேர் மாதாமாதம் கொஞ்சம் பணம் போட்டு, போன புத்தாண்டுக்கு ஊட்டிப் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குக் கம்பளி, கேக், பிரியாணி எல்லாம் கொண்டு போனோம். வார்டன் அம்மா முகம் கொடுத்தே பேசவில்லை. பிரியாணியைத் தயங்கித் தயங்கித்தான் வாங்கினார். பிள்ளைகளோடு போட்டோ எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பணம் போட்டவர்களோ போட்டோ எங்கே என்று கேட்கிறார்கள். இந்த வருடத்துக்கும் 40 கம்பளி வாங்கி வைத்துவிட்டோம். அங்கேயே போகலாமா, வேறு இல்லம் பார்க்கலாமா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி, திருப்பூர்

பதில்: அங்கேயே போங்கள் அம்மா. பதினைந்து பேர் கை நிறையப் பொருளோடு வந்து நிற்கும்போது போட்டோ வேண்டாம் என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். அந்த வார்டனை நம்பலாம்.

முதலில் போட்டோவை முடித்துவிடுவோம். 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 74-வது பிரிவு. இல்லத்தில் இருக்கும் பிள்ளையின் படத்தையோ, பெயர், ஊர், பள்ளி போன்ற அடையாளத்தையோ வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தானே என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் பிள்ளைகள் மற்றவர்களோடு சேர்ந்து பள்ளிக்கூடம் போகிறவர்கள். கம்பளி வாங்கிக்கொண்டு நிற்கும் படம் திங்கட்கிழமைக்குள் வகுப்புக்கு வந்து சேர்ந்துவிடும். பணம் போட்டவர்களுக்குக் கணக்குத்தானே வேண்டும்? இறக்கி வைத்த மூட்டைகளைப் படம் எடுங்கள். பொருள் பட்டியலோடு இல்லத்தின் முத்திரை போட்ட ரசீது கேளுங்கள். அதற்கு மேல் கேட்பவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

எனக்கு உங்களிடம் குறை என்றால் தேதிதான். நீலகிரியில் அக்டோபர் கடைசியிலேயே நீர்ப்பனி விழ ஆரம்பித்துவிடும். அப்புறம் உறைபனி. தலைகுந்தா, காந்தல் பக்கம் விடிகாலையில் புல்வெளி உப்பு கொட்டியது மாதிரி வெளுத்துக் கிடக்கும். பிப்ரவரி வரை விடாது. ஜனவரி 1-ல் வரும் கம்பளி பாதிக் குளிர் போன பிறகு வருகிறது. அதோடு, அது அரையாண்டு விடுமுறை. இல்லத்துப் பிள்ளைகள் பலருக்கு அம்மாவோ அப்பாவோ பாட்டியோ இருக்கிறார்கள், அங்கே போயிருப்பார்கள். மீதி இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரே நாளில் மூன்று குழு வந்து மூன்று கேக் வெட்டும். ஜூன், ஜூலையில் கூடலூர், பந்தலூர் பக்கம் மழை கொட்டி, துவைத்த சீருடை காயாமல் கிடக்கும்போது எட்டிப்பார்க்க ஆள் இருக்காது.

பிரியாணி விஷயத்திலும் வார்டன் பக்கம்தான் நியாயம். திருப்பூரில் விடிகாலையில் தம் போட்டது, மேட்டுப்பாளையம் தாண்டி புத்தாண்டு நெரிசலில் மலையேறி, மதியம் எத்தனை மணிக்கு இலைக்கு வரும்? ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். கறி விருந்து கொடுக்க ஆசையென்றால் பணத்தைக் கொடுத்து அங்கேயே சமைக்கச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, ஒரு மாத கேஸ் செலவு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம்; அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு லேசில் வேகாது. குளிக்க வெந்நீர் வேறு போட வேண்டும். பனிக்காலத்தில் சிலிண்டர் எப்படித் தீர்கிறது என்பது சமையல்கார அம்மாவுக்குத்தான் தெரியும்.

கம்பளி எல்லோரும் கொடுப்பது. தடிமனான கம்பளியை மேகமூட்டத்தில் துவைத்துக் காயவைப்பது எவ்வளவு பாடு என்று கொடுப்பவர்களுக்குத் தெரிவதில்லை. ஆளுக்கு மூன்று ஜோடி சாக்ஸ், காது மூடும் குல்லா, உள்ளே போட முழுக்கை பனியன், இவைதான் ஓடி ஓடித் தேயும். முழுக்கை பனியன் உங்கள் ஊரைவிட மலிவாக எங்கே கிடைக்கப்போகிறது? வயதுவாரியாக அளவு கேட்டு வாங்குங்கள். தையலில் குறை வந்து ஒதுக்கிய செகண்ட்ஸ் பீஸைக் கட்டி அனுப்பலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அவர் வீட்டுப் பிள்ளைக்கு முதலில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வளர்ந்த பெண் பிள்ளைகளுக்கு உள்ளாடை, நாப்கின். இதை மேடையில் கொடுத்துக் கைதட்ட முடியாது என்பதாலோ என்னவோ, யாருக்கும் நினைவு வருவதில்லை. அப்புறம் வாஸ்லின். குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கட்டியாகிவிடும். பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் யார் உருக்கித் தேய்ப்பது? கன்னமும் உதடும் வெடித்து, சிரித்தால் ரத்தம் வரும்.

ஒன்று மட்டும் கொண்டு போகாதீர்கள்: கரி அடுப்பு. மூடிய அறையில் கரி மூட்டிக் குளிர்காய்ந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமே கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மலையில் அப்படிப் போன உயிர்கள் உண்டு. ஹீட்டர் என்றாலும் பழைய ஒயரிங் தாங்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நீங்கள் போகவே கூடாது என்று சொல்லவில்லை. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, முன்கூட்டியே சொல்லிவிட்டு, நான்கு பேர் போங்கள். வரிசையில் நிற்க வைத்துப் பாட்டுப் பாடச் சொல்ல வேண்டாம், ஒரு கேரம் போர்டு கொண்டு போய் உட்கார்ந்து ஆடுங்கள். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்காதீர்கள். அடுத்த மாதம் வருகிறேன் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லாதீர்கள், பிள்ளை காத்திருக்கும். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், தட்டு, கப் எதுவும் வண்டியில் இருக்கக் கூடாது, சோதனைச் சாவடியில் பறித்துவிடுவார்கள்.

வாங்கிவிட்ட 40 கம்பளிக்கு வருவோம். இன்றே வார்டனுக்குப் போன் செய்து எத்தனை வேண்டும் என்று கேளுங்கள். பத்துப் போதும் என்று சொன்னால் பத்தை மட்டும் பார்சலில் போடுங்கள், புத்தாண்டுக்குக் காத்திருக்க வேண்டாம். மீதியை எங்கே கொடுப்பது என்று ஊட்டியில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள். மாவட்டத்தில் பதிவு பெற்ற இல்லங்களின் பட்டியல் அவர்களிடம் இருக்கும். கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வார் என்றால் இன்னும் நல்லது, அந்தப் பணத்துக்கு சாக்ஸ் வாங்கிவிடலாம்.