மலைத் தோட்டத்துக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, கல்யாணமாகி தூத்துக்குடில இருந்து கோத்தகிரி பக்கம் வந்து ரெண்டு வருஷம் ஆகுது. வீட்டுக்குப் பின்னாடி மூணு சென்ட் இடம் இருக்கு, மருந்து எதுவும் அடிக்காம காய் போடணும்னு இயற்கை தோட்டம் பத்தி நாலு புக் வாங்கிட்டேன், நாலும் நாலு விதமா சொல்லுது. ஒரு புக்ல இருக்கேன்னு ஆடில வெண்டை போட்டேன், அரையடில அப்படியே நின்னுபோச்சு. நம்பி வாங்கற மாதிரி ஒரு புக் பேர் சொல்லுங்க. – கோத்தகிரி வாசகி

பதில்: தங்கச்சி, வெண்டை நின்னதுக்கு உங்க கை காரணமில்ல, அதை மொதல்ல மனசுல இருந்து எடுத்துடுங்க. வெண்டைக்கு சூடு வேணும், ஆடில நம்ம மலைல மேகமும் குளிருமா இருக்கும்போது அது எப்படி வளரும். ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொன்னவங்க கீழ்நாட்டுக்காரங்க, அவங்க ஊருக்கு அது நூத்துக்கு நூறு சரி. இங்க காய் போடறவங்களைக் கேட்டுப்பாருங்க, விதைக்கற பருவத்தை கார்போகம், கடைபோகம், நீர்போகம்னுதான் கணக்கு சொல்வாங்க.

ஒரே ஒரு புக் பேர் சொல்லச் சொல்றீங்க, நான் சொல்லாததுக்குக் காரணம் இருக்கு. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல இருக்கு, கோத்தகிரி சுமார் 1,800, கூடலூர் சுமார் 1,000. கூடலூருக்கு தென்மேற்கு மழை கொட்டித்தீர்க்கும், உங்களுக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் பெருசு. ஒரே மாவட்டத்துக்குள்ளயே இப்படின்னா, நான் ஒரு பேர் சொல்லி அதை எல்லாரும் வாங்கினா பாதிப் பேருக்கு காசு வீண்தான். அதனால கடைல நின்னுக்கிட்டே எதைப் புரட்டிப் பாக்கணும்னு சொல்றேன்.

மொதல்ல எழுதினவங்க எந்த ஊர்ல நின்னு எழுதினாங்கன்னு பாருங்க, அது முன்னுரைலயே தெரிஞ்சுடும். சென்னை மொட்டைமாடில பத்து வருஷம் காய் எடுத்தவங்க எழுதினதுன்னா நல்ல புக்காவே இருக்கலாம், ஆனா அதுல பாதிக்குப் பாதி தேங்காய்நார் கழிவு போடு, பச்சை வலை கட்டு, காலைல சாயங்காலம் ரெண்டு வேளை தண்ணி ஊத்துன்னு இருக்கும். அதெல்லாம் வெயில்ல இருந்து செடியைக் காப்பாத்தற வழி. நமக்கு வெயிலே பத்தாது, வலையைக் கட்டினா இருக்கற வெளிச்சமும் போயிடும், அந்த நார்க்கழிவு மழைக்காலம் பூரா தண்ணியைப் பிடிச்சு வச்சு வேரை அழுக வச்சிடும்.

அடுத்தது மண்ணைப் பத்தின பக்கம். இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். நீலகிரி மண்ணு புளிப்பு மண்ணு, புளிப்பை அளக்கற பி.எச். (குறையக் குறைய புளிப்பு ஜாஸ்தி) பல இடத்துல ஐந்து பக்கத்துல இருக்கும், அதனாலதான் தேயிலை இங்க இவ்ளோ நல்லா வருது, ஆனா கோஸுக்கும் பீட்ரூட்டுக்கும் அது ஆகாது. கீழ்நாட்டு புக்குல பெரும்பாலும் களர், உவர், ஜிப்சம்னு தான் எழுதியிருப்பாங்க, ஏன்னா அவங்க கஷ்டம் அது. நீங்க தேட வேண்டியது அமில மண், சுண்ணாம்பு, டோலமைட் இந்த மூணு வார்த்தைதான், அமில மண்ணுன்னா புளிப்பு மண்ணு, மத்த ரெண்டும் அந்தப் புளிப்பைக் குறைக்கப் போடறது. இது ஒண்ணுகூட இல்லைன்னா அந்த புக்க வச்சுட்டு வாங்க. கோஸ் வேர் வீங்கி முண்டுமுண்டா ஆகற கிளப் ரூட் நோயும் புளிப்பு மண்ணுலதான் அதிகம், அதை ஒரு புக்கு விவரமா எழுதியிருந்தா மலை தெரிஞ்சவங்க எழுதினதுன்னு நம்பலாம்.

ரகத்தோட பேரையும் பாருங்க. கேரட்ல ஊட்டி 1, உருளைல குஃப்ரி ஜோதி, குஃப்ரி சுவர்ணா இப்படி பேரெல்லாம் வந்தா அது நம்ம தோட்டத்துக்குப் பக்கத்துல வந்த புக்கு. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் போடற தோட்டக்கலைப் பயிர் கையேட்டுல மலைக்கு எந்த மாசம், சமவெளிக்கு எந்த மாசம்னு தனித்தனியா இருக்கும், இடைவெளி, விதை அளவெல்லாம் தெளிவா இருக்கும். உரம் மருந்து பகுதி ரசாயனத்தோட வரும், அதை விட்டுட்டு மத்ததை எடுத்துக்கலாம், நான் அப்படித்தான் வச்சிருக்கேன். குன்னூர்ல உபாசி வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, ஒருதடவை போய் மண்ணைப் பத்திக் கேட்டுட்டு வாங்க, புக்கு வாங்கறதுக்கு முன்னாடி போனா இன்னும் நல்லது.

என் வீட்ல நடந்ததைச் சொல்றேன். ஒரு மண்புழு உரப் புத்தகத்தைப் பாத்துட்டு, அதுல சொன்ன ஆப்பிரிக்க மண்புழு ரெண்டு கிலோ வாங்கி தொட்டி கட்டி விட்டேன், மார்கழி தாண்டறதுக்குள்ள முக்கால்வாசி செத்துப்போச்சு, தொட்டியைத் திறந்து பாத்தப்ப அழுகையே வந்துடுச்சு. அந்தப் புழு கதகதப்புல வாழறது, குளிர் தாங்காது. குளிர் தாங்கற ஐசீனியா ஃபெட்டிடான்னு இன்னொரு புழு இருக்குங்கறது ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது. சாணம், கோமியம், வெல்லமெல்லாம் கரைச்சு புளிக்க வைக்கற ஜீவாமிர்தமும் அப்படித்தான், புக்குல 48 மணி நேரம்னு போட்டிருக்கும், இங்க பனி நேரத்துல ரெண்டே நாள்ல அது புளிக்காது, இன்னும் சில நாள் விடணும். வேப்பெண்ணெய் குளிர்ல உறைஞ்சு கிடக்கும், வெதுவெதுப்பான தண்ணில சோப்பு கரைசலோட கலக்கினாதான் சேரும். இதையெல்லாம் எழுதின புக்கு கிடைச்சா விடாதீங்க. கிடைக்கலைன்னா உங்க புக்கு ஓரத்துலயே பென்சில்ல எழுதிக்கிட்டே வாங்க, என்னிக்கு விதைச்சேன், என்னிக்கு உறைபனி விழுந்துச்சு, எது கருகிச்சுன்னு. கையில இருக்கற நாலையும் தூக்கிப் போடாதீங்க, மக்கு உரம், மூடாக்கு, பூச்சிவிரட்டி பகுதியெல்லாம் எந்த ஊருக்கும் உதவும்.

கேள்வி: பையன் லண்டன்ல இருந்து அழகான ஆர்கானிக் கார்டனிங் புக்கும் கூடவே வெங்காய விதையும் அனுப்பினான். புக்குப்படியே செஞ்சேன், தாள் மட்டும் தளதளன்னு வருது, அடில காயே வைக்கல. – குன்னூர் வாசகர்

பதில்: ஐயா, அந்த விதை நம்ம ஊர்ல காய் வைக்காது. வெங்காயம் பகல் எவ்ளோ நீளம்னு பாத்துதான் காய் கட்டும், அங்கத்து ரகத்துக்கு 14 மணி நேரத்துக்கு மேல பகல் வேணும், நமக்கு வருஷத்துல பெரிய பகலே 13 மணி நேரம் தொடாது. தாளை வெட்டி சமையலுக்கு வச்சுக்கலாம், அடுத்த தடவை நம்ம நாட்டு விதையா வாங்குங்க. அந்த புக்க ஆனா பத்திரமா வைங்க, பேரிக்காய், ப்ளம்ஸ் கவாத்து பண்றது படம் போட்டு இருந்துச்சுன்னா அந்த மாதிரி தமிழ்ல கிடைக்கறது கஷ்டம். மாசக் கணக்கை மட்டும் எடுத்துக்காதீங்க, தண்ணி அளவு கேலன்னு போட்டிருந்தா அது இங்கிலாந்து கேலன், நாலரை லிட்டர். அமெரிக்கா புக்குன்னா நாலு லிட்டர்கூட வராது.

கேள்வி: சொந்த உருளையையே விதைக்கு எடுத்து வைங்கன்னு என் புக்குல இருக்கு. நாலு வருஷமா அப்படித்தான் செய்யறேன், வருஷா வருஷம் காய் சின்னதாகுது. – கொடைக்கானல் வாசகி

பதில்: அம்மா, அந்த புக்குல நூற்புழுன்னு ஒரு வார்த்தை இருக்கான்னு தேடிப் பாருங்க, வேரைத் தாக்கற பொடிப் புழு அது, காய் சின்னதாகறதுக்கு அது காரணமா இருக்கலாம். உருளையைத் தாக்கற முட்டைக்கூட்டு நூற்புழுவை 1961ல ஊட்டிலதான் நம்ம நாட்டுலயே மொதல்ல கண்டுபிடிச்சாங்க, உங்க மலைலயும் இருக்கு. மலைக்காரங்களுக்கு உருளை சொல்லித்தர்ற புக்கு அதை விட்டுட்டு எழுதவே கூடாது. பூக்கற சமயத்துல ஒரு செடியை மண்ணோட மெதுவா தோண்டி எடுத்து வேரைப் பாருங்க, ஊசிமுனை அளவுல மஞ்சளாவோ வெள்ளையாவோ உருண்டை ஒட்டியிருந்தா அதுதான். அந்தப் பாத்தில மூணு நாலு வருஷம் உருளை, தக்காளி, கத்தரி வேண்டாம், பூண்டு, பீன்ஸ், கேரட் மாத்தி மாத்தி போடுங்க, அங்க வெட்டின மம்பட்டியைக் கழுவாம அடுத்த பாத்திக்கு எடுத்துட்டுப் போகாதீங்க. விதையை இனி வெளில நல்ல இடத்துல இருந்து வாங்குங்க.