பங்காளிப் பள்ளிகள் – கடிதம்

வணக்கம்,

தென்கிழக்கு இண்டியானாவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். மகன் பத்தாம் வகுப்பு. உயர்நிலைப்பள்ளியில் மொத்தமே முந்நூறு பிள்ளைகள்தான். கூடைப்பந்து அணியில் இருக்கிறான், பெரும்பாலும் பெஞ்சில். எங்கள் பள்ளி இப்போதிருக்கும் கான்ஃபரன்ஸை (தங்களுக்குள் தவறாமல் ஆடிக்கொள்ளும் பள்ளிகளின் கூட்டணி) விட்டு வேறொன்றில் சேரப்போகிறது. அதைப் பற்றிய கூட்டத்தில் எண்பதை நெருங்கும் ஒருவர் பேச எழுந்து, பாதியில் அழுதுவிட்டார். அவர் போட்டிருந்த பழைய ஜாக்கெட்டில் நான் கேள்விப்பட்டேயிராத ஏதோ ஒரு பள்ளியின் பெயர். யாரோடு ஆடுவது என்ற அட்டவணைதானே மாறுகிறது? இதற்கு ஏன் இவ்வளவு? நீங்கள் இந்தப் பக்கம் வந்திருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அட்டவணைதான். ஆனால் ஊரில் திருவிழாவுக்கு எந்த நாள் யார் மண்டகப்படி என்பதும் அட்டவணைதான். அதில் கைவைத்துப் பாருங்கள்.

டெக்சஸில் பள்ளிப் போட்டிகளை நடத்தும் யு.ஐ.எல். என்ற அமைப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகளைத் தலையெண்ணி, எந்தப் பள்ளி எந்தப் பள்ளியோடு ஆடவேண்டும் என்று பிரித்துக் கொடுத்துவிடும். திட்டுவதானால் அதைத் திட்டிக்கொள்ளலாம். இண்டியானாவில் பள்ளிகளே பேசிச் சேர்கின்றன, அவையே பிரிகின்றன. நம்மூர் கொண்டான் கொடுத்தான் ஊர்கள் மாதிரி. ஏழெட்டுப் பள்ளிகள், ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒவ்வொன்றோடும் ஆட்டம் நிச்சயம். அப்பா எந்த ஊரிடம் தோற்றாரோ அதே ஊரிடம் மகனும் தோற்கலாம். அதனால்தான் போனால் வலிக்கிறது.

முதலில் கொஞ்சம் பழங்கதை. 1954-ல் மைலன் என்ற ஊர்ப் பள்ளி கூடைப்பந்தில் மாநிலக் கோப்பையை வென்றது. உங்கள் பக்கத்து ஊர்தான். பள்ளியில் 161 பிள்ளைகள். எதிரணி மன்சி சென்ட்ரல், பத்து மடங்கு பெரிய பள்ளி. பாபி பிளம்ப் கடைசி நொடிகளில் போட்ட பந்தில் 32-30. இதை அங்கே பச்சைக்குழந்தையும் சொல்லும். நான் கவனிக்கச் சொல்வது வேறு ஒரு எண்ணை. அந்த ஆண்டுப் போட்டியில் கலந்துகொண்ட பள்ளிகள் 751. 1997-ல் 382.

மீதிப் பள்ளிகள் எங்கே போயின? 1959-ல் பள்ளி நிர்வாகங்களை மாற்றியமைக்க ஒரு சட்டம் வந்தது. டவுன்ஷிப்புக்கு (கவுண்டி என்ற மாவட்டத்தின் உட்பிரிவு) ஒன்றாக இருந்த சின்னச் சின்னப் பள்ளிகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் மளமளவென்று இணைக்கப்பட்டன. மைலன் இருக்கும் ரிப்ளி கவுண்டியிலேயே ஜாக்-சென்-டெல் என்று ஒரு பள்ளி உண்டு. ஜாக்சன், சென்டர், டெலவேர் என்ற மூன்று டவுன்ஷிப்புகளின் பெயரை வெட்டி ஒட்டியது. இரண்டு தாத்தா பெயரையும் குழந்தைக்குச் சேர்த்து வைத்துச் சண்டையைத் தீர்ப்போமே, அப்படி.

அப்புறம் 1997-98-லிருந்து மாநிலப் போட்டியையும் பள்ளியின் அளவைப் பார்த்து நான்கு வகுப்பாகப் பிரித்துவிட்டார்கள். அதுவரை முதல் சுற்றிலேயே பக்கத்து ஊர்க்காரன் சின்னவனோ பெரியவனோ எதிரே வந்து நிற்பான். இப்போது அவன் வேறு வகுப்பாக இருந்தால் அந்தப் போட்டியில் பார்க்கவே முடியாது. பத்து மைல் தள்ளியிருக்கும் ஊரோடு மோத உத்தரவாதமான ஒரே இடம் என்று மிஞ்சியது கான்ஃபரன்ஸ்தான்.

இண்டியானாவிலேயே இருக்கும் கொலம்பஸில் மைத்துனர் வீட்டில் தங்கியிருந்தபோது, கிராமத்துப் பள்ளி ஒன்றில் வெள்ளிக்கிழமை ராத்திரி ஆட்டம் பார்க்கப் போனோம். வெளியே எலும்பு நடுங்கும் குளிர், உள்ளே பாப்கார்ன் வாசனை. கூடத்துச் சுவரில் கான்ஃபரன்ஸ் பள்ளிகளின் கொடிகள் வரிசையாக, அந்தந்தப் பள்ளி நிறத்தில். நடுவில் ஒரு இடம் மட்டும் காலி. மற்ற சுவரெல்லாம் பழுப்பேறியிருக்க, அங்கே மட்டும் ஒரு கட்டம் பளிச்சென்று வெள்ளையாக, மேலே இரண்டு கொக்கிகள். டிக்கெட் கிழித்தவரிடம் கேட்டேன். போன பள்ளியின் பெயரை அவர் சொன்ன தொனி இருக்கிறதே, பாகம் பிரித்துக்கொண்டு போன பங்காளியைப் பற்றி நம் பெரியப்பாக்கள் பேசுவது போலவே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கு வரவில்லை.

போகிறவர்கள் மீதும் பெரிய குற்றமில்லை. நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் பெருக்கிறது, வயல்கள் பெரிதாகிக் குடும்பங்கள் குறைந்த ஊர் சிறுக்கிறது. ஒருகாலத்தில் சமமாக இருந்த இரண்டு பள்ளிகளில் ஒன்றில் எண்ணூறு பேர், இன்னொன்றில் இருநூறு பேர் என்றானால் ஆட்டம் பார்க்கச் சகிக்காது. சிலரிடம் அமெரிக்கக் கால்பந்து அணியே இருக்காது. ஒன்று விலகினால் மற்றவர்களுக்கு ஜனவரி வெள்ளிக்கிழமைகளில் ஓட்டை விழுகிறது. அதை அடைக்க இன்னும் தள்ளி இருக்கிற ஒரு பள்ளியைக் கூப்பிடுகிறார்கள். பஸ் பயணம் நீள்கிறது, பிள்ளைகள் வீடு திரும்ப நடுராத்திரி ஆகிறது. அடுத்து இருப்பவர்களிலேயே தூரத்தில் இருப்பவர் யோசிக்கத் தொடங்குகிறார். உங்கள் கூட்டத்தில் எனக்கு ஓட்டு இருந்திருந்தால், நானும் விலகத்தான் கைதூக்கியிருப்பேன்.

சரி, அந்த ஜாக்கெட். நீங்கள் கேள்விப்படாத பள்ளி என்கிறீர்கள். எண்பதை நெருங்குகிறவர் என்றால் அவர் படித்தது அறுபதுகளில். அநேகமாக அந்தப் பள்ளி இப்போது இல்லை. அதை இணைத்துத்தான் உங்கள் மகன் படிக்கும் பள்ளியே வந்திருக்கும். அடுத்த ஆட்டத்தில் பார்த்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர்கள் யாரோடெல்லாம் ஆடினார்கள் என்று கேளுங்கள். எனக்கும் எழுதுங்கள்.