பெரிய மார்க்கெட்டிலிருந்து கடற்கரைப் பக்க ஓட்டல்களுக்கு மூன்று சக்கர சைக்கிளில் சரக்கு அனுப்பலாமா?

தாராளமாக அனுப்பலாம். புதுச்சேரி நகரம் சமதளம், தூரமும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். நேரு வீதியில் குட்டியானைக்கு நிறுத்த இடம் தேடுவதற்குள் சைக்கிள் வண்டி போய்ச் சேர்ந்துவிடும்.

முதலில் எடை. 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று சுமார் 21 கிலோ. எட்டு கேன் என்றால் 170 கிலோவைத் தொடும். பாரம் பின் அச்சுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். பின்னால் தள்ளி அடுக்கினால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் பிடி கொடுக்காது. கேன் கீழே, கீரைக்கட்டு மேலே. இரு சக்கர சைக்கிள்போல இது திருப்பத்தில் சாயாது. உயரமாக அடுக்கி வேகமாகத் திருப்பினால் கவிழும். திருப்பத்தில் வரும் பக்கவாட்டு விசைதான் பின்சக்கரக் கம்பிகளையும் உடைக்கிறது. தடித்த கம்பி போடுங்கள். முன் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள், பின் அச்சிலும் ஒன்று அவசியம். உப்புக்காற்றுக்குச் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் விடுங்கள்.

மோட்டார் பொருத்தினால், வாகனப் பதிவு தேவைப்படாமல் இருக்க 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உள்ளே இருக்க வேண்டும். பேட்டரி நீங்கலாக வண்டி 60 கிலோவைத் தாண்டினாலும் பதிவு விலக்கு கிடைக்காது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

சைக்கிளுக்கென்று தனிப் பாதை போட்டால்? வண்டியே ஒரு மீட்டர் அகலம். ஒன்றரை மீட்டர் பாதையில் பின்னால் வருபவர் முந்த முடியாது, இரண்டு மீட்டருக்கு மேல் தேவை. வெறும் வெள்ளைக்கோடு போட்டால் மறுநாளே அது பைக் நிறுத்துமிடம்.