எலியிடம் எதைக் கேட்கலாம்?

ஐயா,

கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறும் பிரீ-எக்லாம்சியா நோய் பற்றிய உங்கள் கட்டுரையில், நஞ்சுக்கொடிப் புரதம் ஒன்றை எலிகளின் ரத்தத்தில் கூட்டிப் பார்த்த ஆய்வைச் சொல்லியிருந்தீர்கள். அந்த நோய் எலிக்குத் தானாக வராது என்றும் நீங்களே எழுதுகிறீர்கள். அப்புறம் எதற்கு அதை வதைக்க வேண்டும்? புரட்டாசி விரதத்தில் படித்ததாலோ என்னவோ, மனசு கேட்கவில்லை.

எஸ்., சாட்ஸ்வொர்த்

அன்புள்ள எஸ்.,

என் வீட்டிலும் இந்த மாதம் பருப்பும் கீரையும்தான்.

நம் தென்னாப்பிரிக்கத் தவளையிலிருந்து தொடங்குகிறேன். என் பெரியம்மா 1950களில் டர்பனில் ஓர் ஆஸ்பத்திரியில் பிளட்டானாத் தவளைகளின் தொட்டி கழுவியவர். "சோப்புக்கட்டி மாதிரி, கையில் நிற்காது" என்பார். பெண்ணின் சிறுநீரைப் பக்குவப்படுத்தி, சாயங்காலம் பெண் தவளையின் தோலுக்கடியில் ஊசி போட்டு ஜாடியில் விடுவார்கள். காலையில் அடியில் கடுகளவு முட்டைகள், ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெளுப்பாகக் கிடந்தால் அவள் கர்ப்பம். 1930களில் கேப்டவுனில் ஷபைரோவும் ஸ்வாரன்ஸ்டைனும் கண்ட முறை இது. அதற்கு முந்தைய பெர்லின் சோதனையில் சுண்டெலியைக் கொன்றுதான் சூலகத்தைப் பார்க்க முடியும். தவளையோ பிழைத்து, சில வாரத்தில் அடுத்த ஊசிக்குத் தயாராகிவிடும்.

தவளைக்கு நஞ்சுக்கொடி ஏது? கர்ப்பிணியின் நஞ்சுக்கொடி சுரந்து சிறுநீரில் வரும் எச்.சி.ஜி என்ற புரதம் அதனிடம் இல்லை, எலியிடமும் இல்லை. ஆனால் முட்டையை வெளியேற்றும் எல்.எச் என்ற ஹார்மோன் உண்டு. எச்.சி.ஜி அதற்குப் பங்காளி முறை. சூலகம் ஆள் தெரியாமல் கதவைத் திறந்துவிடுகிறது. 'சிறுநீரில் அது இருக்கிறதா?' என்ற கேள்விக்கு அது போதும். எச்.சி.ஜி தாயின் கருவை எப்படித் தாங்குகிறது என்று தவளையிடம் கேட்டால் பதில் வராது.

எலி விஷயமும் அதுதான். நோயுற்ற தாய்மாரிடம் நீங்கள் சொன்ன அந்த நஞ்சுக்கொடிப் புரதம், எஸ்ஃப்ல்ட்-1, மிகுந்திருப்பதைக் கண்ட மருத்துவர் கருமாஞ்சியின் ஆய்வுக் குழு, 2003இல் அதை எலிகளில் கூட்டியது. ரத்த அழுத்தம் ஏறியது, சிறுநீரில் புரதம் போனது. கர்ப்பமே ஆகாத எலிகளுக்கும் அப்படித்தான்! தாயின் ரத்தக்குழாயைக் கெடுப்பது இந்தப் புரதம் என்று பிடிபட்டது அங்கேதான். இன்று கர்ப்பிணிகளின் ரத்தத்தில் அதை அளக்கிறார்கள். மனித நஞ்சுக்கொடி ஏன் அதை அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்பதற்கு எலி சாட்சி சொல்லாது. பிரசவத்தில் விழும் நஞ்சுக்கொடியைத்தான் ஆராய வேண்டும். அந்தக் கேள்வியையும் எலியின் தலையில் கட்டுபவர்கள்மேல் எனக்கும் கோபம்தான்.

ஒன்று மட்டும். கர்ப்பம் பார்க்க மருந்துக்கடையில் வாங்கும் இரண்டு கோட்டுக் குச்சியை விரதத்தோடு ஒத்துப்போவது என்று எண்ணிவிடாதீர்கள். அதில் எச்.சி.ஜியைப் பிடிக்கும் எதிர்ப்புரதம் பெரும்பாலும் சுண்டெலிச் செல்லில் விளைந்ததுதான்.