மகன் குரல் கேட்கிறது, என் குரல்தான் போகவில்லை

கேள்வி: மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான். போன் செய்தால் அவன் பேசுவது எனக்கு நன்றாகக் கேட்கிறது, நான் பேசுவது அவனுக்குக் கேட்பதில்லை. ஸ்பீக்கரில் போட்டால் மட்டும் கேட்கிறது என்கிறான். கடையில் போர்டு மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கொஞ்சம் பொறுங்கள், காசு கொடுத்துவிடாதீர்கள். ஸ்பீக்கரில் போட்டால் கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. இன்றைய போன்களில் பெரும்பாலும் இரண்டு மைக்காவது இருக்கும். சார்ஜர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒன்று, மேல் விளிம்பிலோ கேமரா பக்கத்திலோ இன்னொன்று. காதில் வைத்துப் பேசும்போது கீழ் மைக்தான் உங்கள் குரலை எடுக்கிறது, ஸ்பீக்கர் போட்டால் பல போன்களில் மேல் மைக் அந்த வேலையைச் செய்யும். அதனால் சிம்மையும் டவரையும் சந்தேகப்பட வேண்டாம், கீழ் மைக்கைப் பாருங்கள்.

முதலில் பின் கவரைக் கழற்றிவிட்டு ஒருமுறை மகனிடம் பேசிப் பாருங்கள். போனுக்குச் சரியாகப் பொருந்தாத கவர் அந்தச் சின்னத் துளையை மூடிவிடும், நிறையப் பேருக்குப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடுகிறது. அப்புறம் வாய்ஸ் ரெக்கார்டரில் பேசிப் பதிவு செய்து கேளுங்கள். அதிலும் குரல் அமுங்கி வந்தால் துளையில் தூசி அடைத்திருக்கலாம், காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் மேலோட்டமாகத் துடைத்தால் போதும். ஊசி மட்டும் வேண்டவே வேண்டாம்! சிம் தட்டைத் திறக்கும் துளையும் மைக் துளையும் பார்க்க ஒன்றுபோலவே இருப்பதால், சிம் பின்னைத் தவறான துளையில் குத்தி நல்ல மைக்கைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

இதெல்லாம் செய்தும் சரியாகவில்லை என்றால் கடைக்காரர் சொன்னது நியாயம்தான். பல போன்களில் கீழ் மைக், சார்ஜிங் போர்டிலேயே சேர்ந்திருக்கும்.

கேள்வி: வீட்டுக்குள் இருக்கும்போது மட்டும் சில கால்களில் எதிரில் பேசுபவர் குரல் வருவதே இல்லை, நொடிகள் மட்டும் ஓடுகின்றன. தெருவுக்கு வந்தால் சரியாகிவிடுகிறது.
- ஒரு வாசகர், மதுரை

பதில்: உங்கள் போனில் வைஃபை காலிங் (டவருக்குப் பதில் வீட்டு வைஃபை வழியாகக் கால் போகும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதை நிறுத்திவிட்டுப் பேசிப் பாருங்கள். இந்த வகைக் காலில் நீங்கள் பேசுவது ஒரு ஓட்டமாகவும் அவர் பேசுவது இன்னொரு ஓட்டமாகவும் தனித்தனியாகப் போய் வருகின்றன, கால் இணைவதற்கான தகவல் இரண்டிலும் சேராமல் தனியே போகும். அதனால் கால் இணைந்து நொடி ஓடினாலும், உள்ளே வரும் ஓட்டம் மட்டும் வீட்டு ரவுட்டரில் தடைபட்டு நிற்கலாம். நிறுத்தியதும் சரியானால் ரவுட்டரை அணைத்து மறுபடி போடுங்கள், அதன் மென்பொருளையும் அப்டேட் செய்யுங்கள்.

நிறுத்திய பிறகும் அப்படியே இருந்தால் உங்கள் சிம் நிறுவனத்தின் புகார் சேவையான 198-க்குப் போன் செய்து புகார் கொடுத்து, புகார் எண்ணைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். பேசிய எண், நேரம், இடம், யாருக்கு யார் குரல் கேட்கவில்லை என்பதையெல்லாம் குறித்து வைத்துக்கொண்டு பேசுங்கள். 'கால் சரியில்லை' என்று மட்டும் சொன்னால் சிக்னல் குறைவு என்று எழுதிக்கொண்டு விட்டுவிடுவார்கள்.