கேஷ்லெஸ் கார்டு இருந்தும் 80,000 ரூபாய் கட்டியது ஏன்?

பெரிய தனியார் மருத்துவமனைகளில் காப்பீட்டைப் பயன்படுத்துவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும், அவற்றுக்கான பதில்களும். கேஷ்லெஸ் என்பது, பில்லை காப்பீட்டு கம்பெனியே மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டும் வசதி.

என் கணவரின் அறுவை சிகிச்சைக்கு மொத்த பில் 3,30,000 ரூபாய். பாலிசி 5 லட்சத்துக்கு இருக்கிறது. இருந்தும் டிஸ்சார்ஜின்போது 80,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள். பாலிசியில் அறை வாடகை வரம்பு நாளுக்கு 5,000. நாங்கள் 8,000 ரூபாய் அறையில் 4 நாள் இருந்தோம். வித்தியாசம் 12,000 தானே? – வாசகி, மதுரை

பிடித்தம் அறை வாடகையோடு நிற்காது. பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் அறையின் தரம் ஏற ஏற டாக்டர் ஃபீஸும் தியேட்டர் கட்டணமும் சேர்ந்தே ஏறும். டாக்டரும் அவரேதான், தியேட்டரும் அதேதான், ரேட் மட்டும் வேறு. ஆகவே வரம்பைத் தாண்டிய அறையை எடுத்தால், அறையைச் சார்ந்து ஏறுகிற செலவுகளையும் அதே விகிதத்தில் கம்பெனி குறைத்துக்கொள்ளும். 5,000 வரம்புக்கு 8,000 அறை என்றால் 62.5 சதவீதம்தான் கிடைக்கும்.

உங்கள் பில்லில் அறை வாடகை 32,000. அதில் 20,000 கிடைத்திருக்கிறது. சர்ஜன், மயக்க மருந்து நிபுணர், தியேட்டர் மூன்றும் சேர்த்து 1,60,000, அதில் 62.5 சதவீதமான 1,00,000 கிடைத்திருக்கிறது. மருந்து, இம்ப்ளான்ட், பரிசோதனைகள் 1,30,000. இது முழுதாக வந்துவிட்டது. கையுறை, டயபர், ரெக்கார்டு கட்டணம் போன்ற சில்லறைகள் 8,000. இவை பாலிசியில் வராது. கூட்டினால் 2,50,000. மிச்சம்தான் உங்கள் 80,000. இதில் 60,000 போனது டாக்டர், தியேட்டர் கட்டணத்தில். அறை வாடகையில் போனது நீங்கள் சொன்ன 12,000 மட்டுமே.

உங்கள் விஷயத்தில் கணக்கு சரி. எல்லோருக்கும் இப்படிச் சரியாக வருவதில்லை. விதிப்படி மருந்து, உபயோகப் பொருட்கள், இம்ப்ளான்ட், பரிசோதனைக் கட்டணம், ஐ.சி.யு. கட்டணம் ஆகியவற்றில் இந்த விகிதாசாரக் கழிவைப் போடக் கூடாது. சில சமயம் மொத்த பில்லையும் 62.5 சதவீதமாக வெட்டிவிடுகிறார்கள். உங்கள் பில்லில் அப்படிச் செய்திருந்தால் இன்னும் 48,750 ரூபாய் போயிருக்கும். எனவே செட்டில்மென்ட் கடிதத்தில் ஒவ்வொரு வரியிலும் எவ்வளவு கழித்தார்கள், என்ன காரணம் போட்டார்கள் என்று பாருங்கள். அறைக்கு ஏற்ப ரேட்டை மாற்றாத மருத்துவமனை என்றால் இந்தக் கழிவையே போட முடியாது. அதை பில்லிங் பிரிவில் எழுத்தில் வாங்கி கம்பெனிக்குக் கொடுத்தால் பிடித்த தொகையைத் திரும்பக் கேட்கலாம்.

அட்மிஷனின்போது, "என் பாலிசி வரம்புக்குள் எந்த அறை வரும்?" என்று இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் கேளுங்கள். அந்த வகை அறை காலி இல்லை, மேல் அறைக்குப் போங்கள் என்றால், அதற்கும் உங்கள் வரம்புக்குள் வரும் அறையின் ரேட்டே போடுவதாக எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்வார்த்தை பில்லிங் கவுன்டரில் எடுபடாது.

ஒரே மருத்துவமனையின் கோவைக் கிளையில் கேஷ்லெஸ் கிடைத்தது, சென்னைக் கிளையில் இல்லை என்கிறார்கள். எப்படி? – வாசகர், பொள்ளாச்சி

காப்பீட்டு கம்பெனிகள் பெரும்பாலும் கிளை கிளையாகத்தான் ஒப்பந்தம் போடுகின்றன. பெயர்ப் பலகை ஒன்றாக இருப்பதால் கம்பெனியின் கேஷ்லெஸ் பட்டியலில் எல்லாக் கிளைகளும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். கம்பெனியின் இணையதளத்தில் ஊர், பின்கோடு போட்டுத் தேடுங்கள். மருத்துவமனை டெஸ்க்கிலும் ஒருமுறை கேளுங்கள். ஒப்பந்தம் காலாவதியாகியும் பட்டியலில் பெயர் தொங்கிக்கொண்டிருப்பது உண்டு.

பட்டியலில் இல்லை என்றால் வழியே இல்லை என்றும் அர்த்தமில்லை. 2024 ஜனவரியில் பொதுக் காப்பீட்டு கவுன்சில் கொண்டுவந்த 'எங்கும் கேஷ்லெஸ்' ஏற்பாட்டில், திட்டமிட்ட சிகிச்சைக்கு 48 மணி நேரம் முன்பும், அவசர சிகிச்சைக்கு அட்மிட் ஆன 48 மணி நேரத்துக்குள்ளும் கம்பெனிக்குத் தெரிவித்துக் கேட்கலாம். மருத்துவமனையும் சம்மதிக்க வேண்டும் என்பதுதான் இதில் சிக்கல்.

டாக்டர் காலை 10 மணிக்கே டிஸ்சார்ஜ் சொன்னார். வீட்டுக்குப் போனது இரவு 8 மணிக்கு. யார் தவறு? – வாசகர், திருநெல்வேலி

காப்பீட்டுத் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, கேஷ்லெஸ் கேட்டு விண்ணப்பம் வந்த 1 மணி நேரத்தில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜுக்கான இறுதி அனுமதியை 3 மணி நேரத்தில் தர வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் கட்டணம் போட்டால், அது கம்பெனியின் பொறுப்பு.

ஆனால் அந்த 3 மணி நேரம் டாக்டர் வாய் திறந்த நேரத்திலிருந்து ஓடுவதில்லை. மருத்துவமனை இறுதி பில்லை அனுப்பிய பிறகுதான் கணக்கு. அதற்கு முன் மீதி மருந்து பார்மஸிக்குத் திரும்ப வேண்டும், டிஸ்சார்ஜ் சம்மரி டைப் ஆகி டாக்டர் கையெழுத்திட வேண்டும், பரிசோதனை ரிப்போர்ட்டுகள் சேர வேண்டும். பெரும்பாலான நேரம் இங்கேதான் போகிறது. முந்தைய நாள் மாலையே நர்ஸிடம் மருந்து ரிட்டர்னையும் சம்மரியையும் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். காலையில், "ஃபைல் எத்தனை மணிக்குப் போனது?" என்று டெஸ்க்கில் கேட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனியிலிருந்து 'கொயரி' (விளக்கம் கேட்கும் கேள்வி) வந்திருந்தால் அது என்ன என்று நீங்களே கேட்டு, பதில் தர வேண்டிய டாக்டரைத் தேடிப் பிடியுங்கள். அது தானாக நகராது.

அப்பாவுக்கு சர்க்கரை இருப்பதை பாலிசி எடுக்கும்போது சொல்ல வேண்டாம் என்கிறார் ஏஜென்ட். – வாசகி, தஞ்சாவூர்

சொல்லியே ஆக வேண்டும். மறைத்தது எங்கே வெளிவரும் தெரியுமா? அட்மிஷன் ஷீட்டில். ட்யூட்டி டாக்டர் கேட்பார், அப்பாவோ அம்மாவோ "பத்து வருஷமா சுகர் இருக்கு" என்பார்கள், அவரும் அப்படியே எழுதிவிடுவார். பாலிசிக்கு வயது இரண்டு வருடம்தான் என்றால், அந்த ஒரு வரியை வைத்தே க்ளெய்மை நிராகரித்து பாலிசியையும் ரத்து செய்ய முடியும்.

சொல்லி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்க்கு க்ளெய்ம் கிடைக்காத காலம், அதிகபட்சம் 36 மாதம். 2024-க்கு முன் இது 48 மாதமாக இருந்தது. தொடர்ந்து 60 மாதம் புதுப்பித்துவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, 'அன்று சொல்லவில்லை' என்று க்ளெய்மை மறுக்க முடியாது. இதை நம்பி மறைப்பது புத்திசாலித்தனம் அல்ல. அந்த ஐந்து வருடத்துக்குள் அப்பாவுக்கு ஆஸ்பத்திரி தேவைப்படாது என்று யார் உத்தரவாதம் தருவது?

இன்னொன்று: காலத்தைத் தோராயமாகச் சொல்லாதீர்கள். மூன்று வருடத்தை "ரொம்ப வருஷமா" என்று சொல்லி, அது பத்தாகப் பதிவாகிவிட்டால் திருத்துவது பெரும்பாடு.

அலுவலகத்தில் 5 லட்சம் கவர் இருக்கிறது. தனியாக ஒன்று வேண்டுமா? – வாசகர், சென்னை

வேண்டும். வேலையை விட்டால் அந்த கவரும் போய்விடும். புதிதாக எடுத்தால் காத்திருப்புக் காலம் அன்றுதான் தொடங்கும். சிறிய அளவிலாவது சொந்த பாலிசி ஒன்றை இப்போதே ஓடவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.

அதன் மேல் கூடுதல் தொகைக்கு டாப்-அப் எடுப்பதானால் 'சூப்பர் டாப்-அப்' கேளுங்கள். 5 லட்சம் டிடக்டிபிள், அதாவது அந்தத் தொகை வரை டாப்-அப் எதுவும் தராது என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஆண்டில் 3 லட்சத்துக்கு ஒரு அட்மிஷன், 4 லட்சத்துக்கு இன்னொன்று. சாதாரண டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாகப் பார்க்கும். எதுவும் 5 லட்சத்தைத் தாண்டாததால் ஒரு ரூபாயும் வராது. சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டி, 5 லட்சத்துக்கு மேற்பட்ட 2 லட்சத்தைத் தரும்.

மருத்துவமனையே விற்கும் 'ஃபேமிலி ஹெல்த் கார்டு' காப்பீடு ஆகுமா? – வாசகி, சேலம்

ஆகாது. கன்சல்டேஷனிலும் பரிசோதனையிலும் தள்ளுபடி தரும் உறுப்பினர் அட்டைதான் அது. அட்மிஷன் செலவை ஏற்காது. அடிக்கடி அங்கே போகிறவருக்கு லாபம் உண்டு. பாலிசிக்குப் பதிலாக வாங்காதீர்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பெரிய தனியார் மருத்துவமனையில் செல்லுமா? – வாசகர், விழுப்புரம்

திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை என்றால் செல்லும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு இந்தத் திட்டம். ஆனால் மருத்துவமனை பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. உங்களுக்குத் தேவையான பிரிவும் அந்தச் சிகிச்சையும் அங்கே அங்கீகரிக்கப்பட்டிருக்க வேண்டும். இதயப் பிரிவு இருக்கும், எலும்புப் பிரிவு இருக்காது. அட்மிட் ஆகும் முன்பே திட்டத்தின் டெஸ்க்கில் அட்டையைக் காட்டுங்கள். பணம் கட்டி சிகிச்சை முடித்த பிறகு அட்டையை நீட்டினால் பயனில்லை.

க்ளெய்மை முழுதாக மறுத்துவிட்டார்கள். கோர்ட்டுக்குத்தான் போக வேண்டுமா? – வாசகர், புதுச்சேரி

அதற்கு முன் இன்னும் படிகள் உண்டு. முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். மறுப்புக்கு ஆதாரமான பாலிசி விதியின் எண்ணைக் கேளுங்கள். க்ளெய்ம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் நிராகரிக்கக் கூடாது என்பது இப்போது விதி. 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் கம்பெனிக்கு வெளியே உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மேன்) போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான தகராறுகளை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது. கம்பெனியின் பதில் வந்த ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். மறுப்புக் கடிதம், நீங்கள் கம்பெனிக்கு எழுதிய புகார், டிஸ்சார்ஜ் சம்மரி, பாலிசி நகல் நான்கையும் இணையுங்கள். சம்மரியில் பிழை இருந்தால், சிகிச்சை அளித்த டாக்டரிடமே திருத்தக் கடிதம் வாங்கி மனுவோடு சேர்த்து அனுப்புங்கள்.